இளையோர் நாவலும் வீட்டாரும்: குலசேகரத்திலிருந்து வந்த மூன்று கேள்விகளுக்கு ஒரு பதில்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து எழுதியிருக்கும் தங்கைக்கு வயது 29. தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. ஐந்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். மாமியாரும் உடன் இருக்கிறார். 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்காக அவர் எழுதிய முதல் நாவலை ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டு ஒப்பந்தப் படிவத்தையும் அனுப்பியிருக்கிறது. அவர் கேட்டிருப்பவை மூன்று. அடுத்த நாவலுக்கு நேரத்தை எங்கிருந்து எடுப்பது? நாவலில் வரும் பாட்டி தன்னைப் போலவே இருக்கிறாள் என்று மாமியார் மனம் வருந்துகிறார், என்ன செய்வது? நூல் வெளிவரும் வரை வாரந்தோறும் வீட்டுப் படங்களையும் மகனின் படங்களையும் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் போடும்படி பதிப்பாளர் சொல்கிறார், போடலாமா? ஒப்பந்தத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது.

நான் நாகர்கோவிலில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இளையோருக்காக நான்கு நாவல்கள் எழுதியவள். உங்கள் மூன்று கேள்விகளையும் நான் ஒரே கேள்வியாகத்தான் பார்க்கிறேன். உங்கள் நூலை வாசிக்கப்போகும் அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை யார், எங்கே உட்கார்ந்து வாசிக்கும் என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், நேரம், வீடு, நூல் செய்தி ஆகிய மூன்றிலும் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அந்தப் பிள்ளையிடம் சொந்தப் பணம் கிடையாது. நூல் பள்ளி நூலகத்திலிருந்தோ ஓர் ஆசிரியரின் கையிலிருந்தோதான் அதற்குக் கிடைக்கும். தனி அறை இருக்காது. திண்ணையிலோ அடுக்களை வாசலிலோ உட்கார்ந்து வாசிக்கும். அது கீழே வைத்த நூலை அம்மா எடுத்துப் புரட்டுவாள், அக்காள் எடுத்து ஒரே மூச்சில் வாசித்து முடிப்பாள். பெரியவர்களுக்கான நாவலைப் போல அது ஒருவர் கையோடு நிற்பதில்லை. தமிழில் இந்த வயதுக்கென்று தனி அலமாரி இன்னும் உருவாகவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவும் 1972இல் தொடங்கிய கோகுலமும் ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் பன்னிரண்டு வயது வரை கைப்பிடித்து நடத்தின. அதற்கு மேல் அவர்கள் நேராகப் பெரியவர்களின் தொடர்கதைக்குத் தாவினார்கள், அல்லது வாசிப்பதையே விட்டார்கள். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்க நூல்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று படி வைத்திருக்கிறார்கள், நல்ல பெயர்கள். ‘பற’ என்ற படியைத் தாண்டிய பிள்ளைக்கு அடுத்ததாகக் கொடுக்க நூற்றைம்பது பக்கத்தில் ஒரு நாவல் வேண்டும். உங்கள் நாவல் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964இல் வெளிவந்தது. அதை யாரும் இளையோர் நாவல் என்று சொல்வதில்லை. ஆனால் பருவம் எய்தியதும் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்படும் லிஸியை, நான் ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடம் கொடுத்தபோதெல்லாம் அவர்கள் தங்கள் கூட்டாளியைப் போல ஏற்றுக்கொண்டார்கள். நம் மாவட்டத்து வீட்டை, அதன் முற்றத்தையும் பனைவிளையையும், உள்ளே இருக்கும் பெண்பிள்ளையின் கண்ணால் பார்த்த நூல் அது. உங்கள் முன்னோடி வெளியூரில் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி நேரத்துக்கு வருகிறேன். எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் இங்கே மிகக் குறைவு. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தினார். தோப்பில் முகமது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தார். நாஞ்சில் நாடன் மும்பையிலும் கோவையிலும் நிறுவன வேலை பார்த்துக்கொண்டு எழுதினார். ஜெயமோகன் தொலைபேசித் துறையில் பணியாற்றினார். ஹெப்சிபா ஜேசுதாசன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியை. எனவே வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவது குறைபாடு என்று எண்ண வேண்டாம். ஆனால் பொதுவாக ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: வேலை முடித்து வந்து எழுத உட்காரும் ஆணுக்கு, அடுப்பையும் பிள்ளையையும் இன்னொருவர் பார்த்துக்கொள்வதால்தான் அந்த நேரம் கிடைக்கிறது. பெண்ணுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை. கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது. திருடி எழுதும் நேரம் ஒரு நாவலுக்குப் போதலாம், இரண்டாவதற்குப் போதாது என்பது என் அனுபவம்.

உங்கள் வீட்டின் நாளை உங்கள் கணவரின் தொழில்தான் வகுக்கிறது. குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால் அவர் நான்கு மணிக்கே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மகன் ஆறு மணி வரை தூங்குகிறான். அந்த நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை உள்ள நேரத்தை வாரத்தில் நான்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு நாளும் காலை அடுக்களையை மாமியார் பார்த்துக்கொள்ள முடியுமா என்று வாய்திறந்து கேளுங்கள். அவர் மாட்டேன் என்று சொன்னால் இரண்டு நாளாவது கேளுங்கள். ஓர் அமர்வுக்கு 300 சொல் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 1,200 ஆகும். 25 வாரத்தில் 30,000 சொல் சேரும். இந்த வயதினருக்கான நாவலுக்கு முதல் வரைவாக அது போதுமான அளவு.

இதில் நம் ஊரின் மழையையும் கணக்கில் வைக்க வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழைக்காப்புக்குப் பிளாஸ்டிக் கட்டாத மரங்களில் மழை நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. அத்தகைய நாட்களில் கணவர் வீட்டில் இருப்பதால் மகனைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாட்காட்டியில் எழுதிவிடுவது எளிது. ஆனால் கூலி இல்லாத நாளில் வீட்டுக்குள் கனத்துக் கிடக்கும் மௌனத்தில் புதிய அத்தியாயம் எழுத எனக்கு ஒருபோதும் முடிந்ததில்லை. அந்த நாட்களைத் திருத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை வெட்டவும் குறுக்கவும் அந்த மனநிலை ஒத்துவரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உங்களுக்குத் தேர்வுக் காலம், விடைத்தாள் காலம். அப்போது எழுதவில்லையே என்று உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்.

மாமியாரைப் பற்றிய கேள்விக்குச் சற்று நீண்ட பதில் சொல்ல அனுமதியுங்கள். இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன்.

என் முதல் நாவலில், பத்தாம் வகுப்பில் தோற்றுப்போன ஒரு பெண் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு, வேலைக்கு அனுப்பப்படுவாள். அது என் அத்தையின் கதை. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், அண்ணன்மாரின் எண்ணிக்கையைக்கூட மாற்றினேன். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அண்டித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்களைக் கல்யாண வீடுகளில் யாரும் பார்க்காதபடி சேலை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள் அந்தப் பெண். நூல் வந்து எட்டு மாதம் கழித்து, ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அத்தையின் பேத்தி பள்ளி நூலகத்திலிருந்து அதை எடுத்து வந்து, நல்ல இடம் என்று அந்தப் பக்கத்தையே பாட்டிக்கு உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறாள். அத்தை முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். அடுத்த வாரம் என்னைப் பார்த்தபோது, “மக்களே, என் கைய எதுக்கு எழுதுன?” என்று மட்டும் கேட்டார். அதன்பின் ஒன்றரை ஆண்டு அவர் என் வீட்டுப் படியேறவில்லை.

அந்தப் பேத்திதான் நான் யாருக்காக எழுதினேனோ அந்த வாசகி. இளையோர் நாவலில் வீட்டாரைப் பயன்படுத்துவது பெரியவர்களுக்கான நாவலில் பயன்படுத்துவதை விடக் கூர்மையான செயல் என்பதை அன்று புரிந்துகொண்டேன். பெரியவர்கள் வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். பிள்ளைகள் வாசித்ததை உரக்கச் சொல்வார்கள், அதுவும் வீட்டிலேயே சொல்வார்கள்.

நீங்கள் அனுப்பிய மூன்றாம் அத்தியாயத்தில் பாட்டியைப் பற்றி இரண்டு செய்திகள் வருகின்றன. வெற்றிலையை இடித்துக்கொண்டே பேரனைத் திட்டுவது ஒன்று. தம்பி பங்கு பிரிக்கும்போது பலாமரம் நின்ற மேட்டு விளையை ஏமாற்றி எழுதிக்கொண்டார் என்பதால் அவரோடு இருபது ஆண்டு பேசாமல் இருப்பது மற்றொன்று. முதலாவது யாருடைய பாட்டிக்கும் பொருந்தும். அதில் உங்கள் மாமியார் தன்னைக் கண்டுகொண்டாலும் சிரித்துக்கொள்வார். இரண்டாவது அவருக்கே உரியது. அந்த ஊரில் அந்த விளையையும் அந்தத் தம்பியையும் எல்லோருக்கும் தெரியும், தம்பியின் பேரப்பிள்ளைகள் உங்கள் பள்ளியிலேயே படிக்கக்கூடும். ஆகவே பெயரை மாற்றுவதால் பயன் இல்லை. காரணத்தை மாற்ற வேண்டும். இருபது ஆண்டு பேசாமல் இருந்த உணர்ச்சியை வைத்துக்கொண்டு, அதற்கு முற்றிலும் வேறான ஒரு காரணத்தைக் கற்பனை செய்யுங்கள். உண்மையில் நடந்ததையே சார்ந்து நிற்கும்போது நாம் சோம்பலாக எழுதுகிறோம். புதிய காரணத்தைத் தேடும்போதுதான் அந்தப் பாட்டி நாவலுக்குள் தானாக நடக்கத் தொடங்குவாள்.

அதற்கு முன் அவரிடம் அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டுங்கள். கையில் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டாம். இரவு வேலை முடிந்தபின் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாசியுங்கள். அவர் எந்த வரியில் முகம் மாறுகிறார் என்று பாருங்கள். அவர் நீக்கச் சொல்வதையெல்லாம் நீக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவருடைய நோய், கடன், திருமணம், சொத்துத் தகராறு ஆகியவற்றை அவர் சம்மதம் இல்லாமல் எடுக்கக்கூடாது என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை. பேச்சு வழக்கு, சமையல், நடக்கும் விதம், பழமொழி போன்றவற்றை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று கருதுகிறேன்.

மனம் நோகக்கூடாது என்று அஞ்சிப் பாட்டியைக் குறையே இல்லாத நல்லவளாக ஆக்கிவிடவும் வேண்டாம். பதினான்கு வயதில் ஒரு பிள்ளைக்குப் பெரியவர்களின் நடிப்பு நன்றாகத் தெரியும். பிள்ளைகளிடம் பேசத் தயங்கும் பொருளையும் பக்குவமாக எழுத முடியும் என்பதற்குத் தமிழில் சான்று இருக்கிறது: குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பேசும் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நூலுக்குச் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2020இல் கிடைத்தது. கடுமையான செய்தியைச் சொல்வதற்குச் சொந்த வீட்டாரைச் சந்தியில் நிறுத்த வேண்டியதில்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பாட்டி மரச்சீனி என்றும் சக்கை என்றும் கொல்லாம்பழம் என்றும் பேசுவதை அப்படியே விடுங்கள். மெய்ப்பு பார்ப்பவர் அவற்றை மரவள்ளி, பலா, முந்திரி என்று மாற்றினால் திருப்பி எழுதச் சொல்லுங்கள். தஞ்சாவூரில் வாசிக்கும் பிள்ளைக்கும் சூழலைக் கொண்டே பொருள் விளங்கும்.

பதிப்பாளர் கேட்கும் படங்களைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை: மகனின் படத்தைப் போட வேண்டாம். ஐந்து வயதில் அவனால் சம்மதம் சொல்ல முடியாது. ஒன்பது ஆண்டு கழித்து அவனே உங்கள் வாசகரின் வயதுக்கு வருவான். அம்மாவின் நூலை விற்பதற்காகத் தன் பள்ளிச் சீருடையும் வீட்டு வாசலும் ஊரார் பார்வைக்கு வைக்கப்பட்டதை அன்று அவனும் பார்ப்பான், அவன் வகுப்பில் உள்ளவர்களும் பார்ப்பார்கள். எழுத்தாளரின் குடும்பத்தைக் காட்டினால் வாசகர் நெருங்கி வருவார் என்று பதிப்பாளர் நம்புவது புரிகிறது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அப்படி நெருங்கி வருபவர்கள் பெரும்பாலும் உங்களைத் தெரிந்த பெரியவர்கள். விருப்பக்குறி இடுவார்கள், வாழ்த்துவார்கள், அத்துடன் போய்விடுவார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை அம்மாவின் கைபேசியில் அரைமணி நேரம் கிடைத்தால் அதில் உங்கள் வீட்டுப் படங்களைத் தேடப்போவதில்லை.

அந்தப் பிள்ளைக்குத் தேவையான நூல் செய்தி எளியது. கதை யாரைப் பற்றியது, எத்தனை பக்கம், என்ன விலை, எந்த நூலகத்தில் கிடைக்கும் என்பதும், முதல் பக்கத்தை நீங்களே இரண்டு நிமிடம் வாசிக்கும் குரலும் போதும். படம் வேண்டுமென்றால் முதல் அத்தியாயத்தில் வரும் பால்வெட்டுக் கத்தியையும் மரத்தில் கட்டிய சிரட்டையையும் காட்டுங்கள். உங்கள் கையெழுத்தில் அடித்தும் திருத்தியும் கிடக்கும் ஒரு தாளைக் காட்டுங்கள். எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு அந்தத் தாள் பெரிய தைரியத்தைக் கொடுக்கும். என் மாணவிகளிடம் நான் கண்டது அது.

வெளியீட்டுக் காலத்தைப் பற்றியும் பதிப்பாளரிடம் பேசுங்கள். 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் தமிழில் நூல்கள் குவிகின்றன. பெரியவர்களுக்கான நூலுக்கு அது பொருந்தும். நம் வாசகருக்கோ பொங்கல் முடிந்ததும் தேர்வுப் பயம் தொடங்கிவிடும், கையில் நாவலைக் கண்டால் பறித்து வைக்கும் வீடுகளே அதிகம். தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் ஏப்ரல் இறுதிக்குள், அல்லது செப்டம்பர் காலாண்டு விடுமுறைக்கு முன்னால் நூல் பள்ளி நூலகங்களில் இருக்குமாறு கேளுங்கள். வெளியீட்டு விழாவைப் பெரிய மண்டபத்தில் பத்துப் பேச்சாளர்களையும் பொன்னாடைகளையும் வைத்து நடத்துவதைவிட, ஒரு பள்ளியில் மாலை நேரத்தில் ஐந்து மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம் வாசித்துத் தாங்கள் நினைப்பதைச் சொல்லும்படி செய்வது எனக்கு மிகவும் உகப்பானது. பொது நூலகங்களுக்கு நூலை வாங்கும் விண்ணப்பத்தைப் பதிப்பாளர் உரிய காலத்தில் அனுப்புவாரா என்றும் கேட்டு வையுங்கள். நம் மாவட்டத்தின் ஊர்ப்புற நூலகங்களுக்கு உங்கள் நாவல் வந்துசேர அதுவே வழி. விருதுகளைப் பொறுத்தவரை, 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சாகித்திய அகாதெமி யுவ புரஸ்காருக்கும் உங்களுக்கு வயது இருக்கிறது. அதைப் பதிப்பாளர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் அதைப் பற்றி எழுதவோ பேசவோ தேவையில்லை.

கடைசியாக ஒப்பந்தம். என் அத்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, கையைப் பற்றிய அந்தப் பத்தி மட்டும் அடுத்த பதிப்பில் இருக்க வேண்டாம் என்றார். பதிப்பாளரிடம் சொன்னேன். திருத்தம் செய்யும் உரிமையைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை, கால வரம்பும் குறிக்கப்படவில்லை. என்னிடம் கேட்காமலே பழைய பக்கங்களை அப்படியே மறுபதிப்புச் செய்துவிட்டார்கள். அத்தை உயிரோடு இருக்கும்போதே அந்தப் பத்தியுடன் இரண்டாம் முறை நூல் வந்தது. அதனால்தான் நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை ஒருவருக்கு எழுதிக்கொடுப்பது கையொப்பமிட்ட எழுத்து வடிவில் இருக்க வேண்டும். எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, எவ்வளவு உரிமைத்தொகை என்பவை அதில் குறிக்கப்பட வேண்டும். ஆண்டு குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். வேறு விதமாக எழுதப்படாத நிலையில், ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை உங்களிடமே திரும்பிவிடும். இதை அன்று நான் அறிந்திருந்தால் ஐந்து ஆண்டு முடிந்ததும் நூலைத் திரும்பப் பெற்றிருப்பேன். உங்கள் படிவத்தில் “என்றென்றைக்கும்”, “எல்லா வடிவங்களிலும்” என்ற சொற்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை அடித்துவிட்டு, அச்சு நூல், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பத்து விழுக்காடு உரிமைத்தொகை என்றால், 200 ரூபாய் விலையுள்ள நூலில் பிரதிக்கு 20 ரூபாய் உங்களுக்கு வரும். 500 பிரதி விற்றால் 10,000 ரூபாய். இந்தக் கணக்கைக் கணவரிடமும் மாமியாரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். விடியற்காலை நேரத்தை அவர்கள் எதற்காக விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு வரிகளைப் புதிதாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மறுபதிப்புக்கு முன்பும் ஆசிரியரிடம் திருத்தம் கேட்டுப் பெறவேண்டும் என்பது ஒன்று. நூலைப் பரப்புவதற்காக ஆசிரியரின் குடும்பத்தாரின் பெயர், படம் எதையும் பதிப்பகம் பயன்படுத்தாது என்பது மற்றொன்று. பதிப்பாளர் தயங்கினால் காரணத்தைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். மூன்றாம் அத்தியாயத்தை மாமியாருக்கு வாசித்துக் காட்டி முடிக்கும் வரை படிவத்தில் கையொப்பமிட வேண்டாம்.